ஊர் கட்டும் கரண்ட் பில்: வாசகர் கேள்வி – பதில்

(மின் கட்டணக் கணக்கீட்டுப் பிரிவில் 32 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற, உடுமலைப்பேட்டைப் பக்கத்து அம்மா ஒருவர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

பல்லடம் வாசகி: அக்கா, போன முறை 496 யூனிட் ஓடியது, பில் 1,780 ரூபாய். இந்த முறை 508 யூனிட், பில் 2,107 ரூபாய். வெறும் 12 யூனிட்டுக்கு 327 ரூபாய் கூடுமா? ரீடிங் எடுக்க வந்த பெண் தப்பாகப் போட்டுவிட்டார், போய்க் கேள் என்கிறார் என் கணவர். கேட்கலாமா?

கேட்க வேண்டாம், தங்கச்சி. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் அதே வேலையைச் செய்தவள். சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு எத்தனையோ கேட்டைத் திறந்து, நாய்க்குப் பயந்து, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மீட்டரைக் குனிந்து பார்த்து எழுதியிருக்கிறேன். நீங்கள் கேட்ட இதே கேள்வியை என்னிடம் கோபமாகக் கேட்டவர்கள் நிறையப் பேர். அன்றைக்கு வாசலில் நின்று விளக்க நேரம் இருந்ததில்லை. இப்போது விளக்குகிறேன்.

வீட்டு இணைப்புக்கு ஒரே விலைப் பட்டியல்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். இரண்டு இருக்கின்றன. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் முடித்தவர்களுக்கு ஒன்று, 500-ஐத் தாண்டியவர்களுக்கு ஒன்று. 2024 ஜூலை 1 முதல் வந்த விகிதத்தை வைத்துச் சொல்கிறேன். முதல் 100 யூனிட் இரண்டு பட்டியலிலும் இலவசம். அது 2016-இலிருந்து எல்லா வீட்டுக்கும் உண்டு. 500-க்குள் இருந்தால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு, அதற்கு மேல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 என்ற படியே கிடையாது. 101-இலிருந்து 400 வரை முழுக்க 4.70 தான். 401 முதல் 500 வரை அதே 6.30. 501 முதல் 600 வரை 8 ரூபாய் 40 காசு.

இப்போது உங்கள் பில்லைப் பிரித்துப் பாருங்கள். 101 முதல் 200 வரையிலான நூறு யூனிட்டுக்கு 2.35 என்ற சலுகை விலை போய் 4.70 ஆனதால் அதிகப்படி 235 ரூபாய். கூடுதலாக ஓடிய 12 யூனிட்டில் நான்கு 6.30 விலையில் 25 ரூபாய் 20 காசு. மீதி எட்டு 8.40 விலையில் 67 ரூபாய் 20 காசு. எல்லாம் சேர்த்து 327 ரூபாய் 40 காசு. பில் சரியாகத்தான் இருக்கிறது. 500-இல் நிறுத்தியவருக்கு 1,805 ரூபாய், 501 ஓட்டியவருக்கு 2,048 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டில் 243 ரூபாய் வித்தியாசம். இந்த வாசற்படியில் எத்தனையோ குடும்பங்கள் தெரியாமல் தடுக்கி விழுகின்றன என்பதால்தான் முதல் கேள்வியாக இதை எடுத்தேன்.

செய்ய வேண்டியது இதுதான். ரீடிங் எழுதும் வெள்ளை அட்டையில் கடைசி ரீடிங்கும் தேதியும் இருக்கும். அந்தத் தேதியிலிருந்து ஐம்பதாவது நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அன்றைக்கு மீட்டரைப் பார்த்து, அட்டையில் இருக்கும் எண்ணைக் கழியுங்கள். 430 வந்தால், இன்னும் பத்து நாளுக்கு 70 யூனிட் இருக்கிறது, ஒரு நாளைக்கு ஏழு. ஃபேனையும் லைட்டையும் நிறுத்திப் பிள்ளைகளைத் திட்டாதீர்கள். அவை தின்பது கொஞ்சம். இரண்டு கிலோவாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அந்தப் பத்து நாள் அதில் கை வையுங்கள், போதும்.

மீட்டரே வேகமாக ஓடுகிறது என்று உண்மையாகவே சந்தேகம் இருந்தால் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, கட்டணம் கட்டி மீட்டரைச் சோதிக்கச் சொல்லலாம். அதிலும் தீரவில்லை என்றால் மின் பகிர்மான வட்ட அலுவலகத்தில் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது, அதற்கும் மேலே சென்னையில் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

சேலம் வாசகர்: மாதம் ஒரு முறை ரீடிங் எடுத்தால் எல்லோருக்கும் பில் குறையும் என்கிறார்களே, உண்மையா அம்மா?

படியை எப்படி வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இப்போதுள்ள 100, 200, 400, 500 என்ற எல்லைகளை அப்படியே மாதத்துக்கு வைத்தால் நிச்சயம் குறையும். எல்லைகளைப் பாதியாக்கி, 500-க்குப் பதில் 250 என்று வைத்தால் பலருக்கு லாபம் இருக்காது. சிலருக்குக் கூடவும் செய்யும். மார்ச்சில் 190, ஏப்ரலில் 300 ஓட்டும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து 490, இப்போது தப்பித்துவிடுகிறது. மாதம் 250 என்று வந்தால் ஏப்ரலில் மாட்டிக்கொள்ளும். ஆகவே மாதாந்திர பில் என்று யாராவது சொன்னால், "எல்லை எவ்வளவு?" என்று உடனே கேளுங்கள், தம்பி.

கும்பகோணம் பக்கத்து வாசகி: எங்கள் தெருவில் விளக்குகள் பகலிலும் எரிகின்றன. ஈ.பி.க்குப் போன் செய்தால் ஊராட்சியிடம் சொல்லுங்கள் என்கிறார்கள். ஊராட்சியில் கேட்டால் ஈ.பி. என்கிறார்கள்.

கம்பம் ஈ.பி.யுடையது. அதில் தொங்கும் விளக்கும் அதற்கான கரண்ட் பில்லும் உள்ளாட்சியுடையது. தெருவுக்கு வெளிச்சம் தருவது ஊராட்சியின் கடமை என்று 1994 ஊராட்சிகள் சட்டமே சொல்கிறது. ஆகவே புகார் போக வேண்டிய இடம் ஊராட்சி அலுவலகம். "விளக்கு எரிகிறது" என்று மட்டும் சொல்லாமல் கம்பத்து எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். கம்பத்தில் பெயின்டால் எழுதியிருக்கும்.

இது சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். 40 வாட் எல்.இ.டி. விளக்கு பகல் 12 மணி நேரம் வீணாக எரிந்தால் அரை யூனிட் போகிறது. உங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலுமாக 30 விளக்கு என்றால் நாளைக்கு 14 யூனிட்டுக்கு மேல், மாதத்துக்கு 430 யூனிட். அந்தப் பணம் ஊராட்சியின் இரண்டாம் எண் கணக்கிலிருந்து போகிறது. குடிநீர்க் கட்டணமும் மின் கட்டணமும் கட்டுவதற்கென்றே வைத்திருக்கும் கணக்கு அது. அடுத்த கிராம சபையில் அந்தக் கணக்கைப் படிக்கச் சொல்லுங்கள். கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தென்காசி மாவட்டத்திலிருந்து பேரூராட்சி வார்டு உறுப்பினர் ஒருவர்: அம்மா, நான் முதல் முறை கவுன்சிலர். மன்றக் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் "மின் கட்டணம் செலுத்தியதற்கு மன்றம் பின்னேற்பு வழங்கலாம்" என்று ஒரு பொருள் வரும், அதாவது கட்டி முடித்த பணத்துக்குப் பிறகு ஒப்புதல். எல்லோரும் கை தூக்குவோம். தொகையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. ஓடந்துறை ஊராட்சி சொந்தக் காற்றாலை வாங்கியது என்று படித்தேன். எங்கள் பக்கமும் காற்று பலமாக அடிக்கும் ஊர். நாங்களும் வாங்க முடியுமா?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கை தூக்கிவிட்டு வீட்டுக்குப் போகாமல் தொகையைப் பார்த்து மலைத்திருக்கிறீர்கள். அதற்காகவே இந்தப் பதிலைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

ஓடந்துறை, கோவை மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்தை ஒட்டிய ஊராட்சி. ஆர். சண்முகம் 1996 முதல் 2006 வரை அங்கே தலைவராக இருந்தார். அவருக்குப் பின் அவருடைய மனைவி லிங்கம்மாள் தலைவரானார். ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்தார்கள், விளக்குகள் கூடின, கூடவே மோட்டார் ஓடும் நேரமும் கரண்ட் பில்லும் ஏறின. அங்கேயிருந்துதான் எல்லாம் தொடங்கியது. எடுத்த எடுப்பில் காற்றாலைக்குப் போகவில்லை. 2003-இல், மரக்கழிவை எரிவாயுவாக்கி மின்சாரம் எடுக்கும் 9 கிலோவாட் இயந்திரம் ஒன்றை வைத்துக் குடிநீர் மோட்டாரை ஓட்டினார்கள். குக்கிராமங்களில் சோலார் தெருவிளக்கு வைத்தார்கள். 2006-இல்தான் 350 கிலோவாட் காற்றாலை. விலை 1 கோடியே 55 லட்சம். ஊராட்சி சேர்த்து வைத்திருந்த 40 லட்சம், மீதி 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன்.

பலர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை. எங்கள் உடுமலையிலிருந்து பழநி போகிற பக்கம், மைவாடியில் இருக்கிறது. ஓடந்துறைக்கும் அதற்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மே முதல் செப்டம்பர் வரை இங்கே விடாமல் அடிக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை எங்கள் ஊரில் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம், தனியார் காற்றாலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊராட்சியின் காற்றாலையும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் ஈ.பி. கம்பியில் ஏறிவிடுகிறது. ஓடந்துறைக்குத் தனிக் கம்பி எதுவும் போகவில்லை, கணக்குதான் போகிறது. வருஷத்துக்குச் சுமார் 6 லட்சத்து 75 ஆயிரம் யூனிட் உற்பத்தி, ஊராட்சியின் தேவை சுமார் நாலரை லட்சம் யூனிட் என்று சொல்லி வந்தார்கள். மிச்சம் இரண்டேகால் லட்சம் யூனிட் மின்வாரியத்துக்கு விற்பனை. அந்த வருமானத்தில் கடனை அடைத்தார்கள். ஊர் மக்களுக்கு வீட்டு மின்சாரமே இலவசம் என்று சிலர் எழுதிவிட்டார்கள். ஊராட்சி யார் வீட்டுக்கும் கம்பி இழுக்கவில்லை. தெருவிளக்கும் குடிநீரும் ஊருக்குப் பாரமாகாமல் பார்த்துக்கொண்டது, அதுவே பெரிய காரியம்.

சரி, நீங்கள் வாங்கலாமா? என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: இப்போதைக்கு வேண்டாம். 2006-இல் 350 கிலோவாட் இயந்திரம் கிடைத்தது, ஒரு ஊராட்சி கடன் வாங்கி வாங்கக்கூடிய விலையிலும் இருந்தது. இப்போது புதிதாக நிறுவுகிற காற்றாலைகள் இரண்டு, மூன்று மெகாவாட். விலையும் நிலமும் ஒரு பேரூராட்சிக்கு மீறியவை. காற்றாலைக்குச் சுமார் 20 ஆண்டுதான் ஆயுள் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஓடந்துறையிடம் நாம் கற்க வேண்டியது இயந்திரத்தை அல்ல, அவர்கள் தங்கள் பில்லைப் படித்த விதத்தை.

அடுத்த கூட்டத்துக்கு முன் செயல் அலுவலரிடம் ஒரு பட்டியல் கேளுங்கள். பேரூராட்சி பெயரில் உள்ள எல்லா மின் இணைப்பு எண்கள், ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது, எத்தனை குதிரைத்திறன், கடைசி ஆறு பில்லில் எத்தனை யூனிட். மன்ற உறுப்பினர் கேட்டால் தர வேண்டும். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, கூட ஒரு பம்ப் ஆபரேட்டரை அழைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடமாக நடந்து பாருங்கள். இரண்டு நாள் வேலை.

ஏன் நடக்கச் சொல்கிறேன் என்றால், நான் வேலையில் இருந்தபோது ஒரு பேரூராட்சியில் இப்படித்தான் ஒரு போர்வெல்லைப் பார்த்தேன். தண்ணீர் வற்றி, மோட்டாரைக் கழற்றி எடுத்து, குழாய் மேல் கல்லை வைத்து மூடி வருஷக்கணக்காகிவிட்டது. அந்த இணைப்புக்கு நிரந்தரக் கட்டணம் மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. ரீடிங் மாறவில்லை என்று நான் அட்டையில் எழுதிக்கொண்டே இருந்தேன். கட்டுகிறவர்கள் கட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள் புதிதாக வந்த எழுத்தர் ஒருவர் "இது எந்த போர்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் மூன்று இணைப்புகளைத் துண்டிக்க மனு வந்தது.

பட்டியலில் இன்னொன்றும் பாருங்கள். சில மோட்டார் பில்லில் மின்திறன் காரணி (பவர் ஃபேக்டர், அதாவது மோட்டார் இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையான வேலைக்குப் போகிறது என்ற அளவு) குறைவுக்கு அபராதம் என்று தனியாக ஒரு தொகை இருக்கும். கெபாசிட்டர் கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். மாற்றுவதற்கு ஆகும் செலவு கொஞ்சம். மாற்றாமல் விட்டால் ஒவ்வொரு பில்லிலும் அபராதம் கட்ட வேண்டும்.

இவற்றை முடித்த பிறகு சோலாருக்கு வாருங்கள். பேரூராட்சிக்கு முதலில் பொருத்தமானது குடிநீர் மோட்டார் என்பது என் அபிப்பிராயம். தெருவிளக்கு இரவில் எரிகிறது, வெயில் பகலில் அடிக்கிறது, இரண்டையும் சேர்க்க பேட்டரி வேண்டும். மோட்டாரைப் பகலிலேயே ஓட்டலாமே. மேல்நிலைத் தொட்டி நிறைந்துவிட்டால் மறுநாள் காலை வரை தண்ணீர் காத்திருக்கும். அந்தத் தொட்டிதான் உங்கள் பேட்டரி. பத்து குதிரைத்திறன் மோட்டார் ஆறு மணி நேரம் ஓடினால் 45 யூனிட் ஆகும். ஒரே ஒரு மோட்டாரை இப்படி மாற்றி, ஒரு வருஷக் கணக்கை மன்றத்தில் வையுங்கள். இரண்டாவது மோட்டாருக்கு நீங்கள் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்காது.

இதற்குத் தீர்மானம் போட்டு, மதிப்பீடு வாங்கி, மண்டல உதவி இயக்குநர் வழியாகப் பேரூராட்சிகள் இயக்குநரகத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். நாளாகும். தீர்மான எண்ணையும் தேதியையும் உங்கள் டைரியில் தனியாக எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கூட்டத்திலும் "அது எங்கே நிற்கிறது?" என்று கேளுங்கள். கேட்காத கோப்பு நகராது.

அப்புறம் ஒன்று. மத்திய அரசின் வீட்டுக்கூரை சோலார் திட்டத்தில், தன் எல்லைக்குள் ஒவ்வொரு வீட்டில் அமைவதற்கும் உள்ளாட்சிக்கு 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று வைத்திருக்கிறார்கள். 300 வீடு என்றால் மூன்று லட்சம். உங்கள் பேரூராட்சிக்கு அது வந்திருக்கிறதா, விண்ணப்பித்தார்களா என்று கேளுங்கள். பட்டியல் கைக்கு வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். உட்கார்ந்து பார்த்து, எந்த வரியில் கேள்வி கேட்க வேண்டும் என்று பென்சிலால் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். இந்த வேலை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

திருச்சி, கல்லூரி மாணவி: ஒரு ஊர் மக்கள் தங்கள் ஊரின் மின் கம்பி வலையையே சொந்தமாக வாங்கிய கதை எங்காவது உண்டா, அம்மா?

உண்டு. ஜெர்மனியில் கருங்காட்டு மலைப் பகுதியில் ஷோனாவ் என்று ஒரு சின்ன ஊர், சுமார் 2,500 பேர். 1986-இல் அன்றைய சோவியத் நாட்டில் செர்னோபில் அணு உலை வெடித்தபோது, பிள்ளைகளை மண்ணில் விளையாட விடலாமா, பால் கொடுக்கலாமா என்று பயந்த பெற்றோர்கள் அங்கே ஒன்றுகூடினார்கள். உர்சுலா ஸ்லாடெக் என்ற ஐந்து பிள்ளைகளின் தாயும், டாக்டரான அவர் கணவர் மிக்கேலும் முன்னால் நின்றார்கள். முதலில் மின் சிக்கனம், பிறகு சின்னச் சின்ன உற்பத்தி. அணு மின்சாரம் வேண்டாம் என்றால் கம்பி வலை நம் கையில் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

அங்கே மின் விநியோக உரிமையை யாருக்குத் தருவது என்பதை ஊர் மன்றம் முடிவு செய்யும். மன்றம் பழைய நிறுவனத்துக்கே புதுப்பிக்கத் தீர்மானித்தது. மக்கள் விடவில்லை, பொது வாக்கெடுப்பு கேட்டு 1991-இல் அந்தத் தீர்மானத்தைத் தோற்கடித்தார்கள். பின்னால் மன்றம் மக்கள் நிறுவனத்துக்கு உரிமை கொடுத்தபோது, எதிர்ப்பாளர்கள் தங்கள் பங்குக்கு ஒரு வாக்கெடுப்பு கேட்டார்கள். 1996-இல் அதிலும் ஸ்லாடெக் தரப்பு ஜெயித்தது. 1997 ஜூலை 1 அன்று கம்பி வலை மக்கள் கைக்கு வந்தது. ஊரில் வீடு வீடாகப் போய்ப் பேசியிருக்கிறார்கள். உர்சுலாவுக்கு 2011-இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

நம் ஊரில் கம்பி அரசு நிறுவனத்தின் கையில் இருப்பதால் அதை ஒரு ஊர் வாங்கும் வழி கிடையாது. அது நல்லதுதான் என்று நினைப்பவள் நான். மலையோர வீட்டுக்கும் ஒற்றைக் குடிசைக்கும் கம்பி போனது அதனால்தான். ஆனால் மன்றத் தீர்மானத்தை எடுத்துப் படித்து, "இது எங்களுக்கு வேண்டாம்" என்று சொன்ன அந்தப் பெற்றோர்களை நினைத்துக்கொண்டுதான் மேலே கவுன்சிலருக்கு அவ்வளவு நீளமாக எழுதினேன்.

தஞ்சாவூர், ஓய்வு பெற்ற ஆசிரியர்: எங்கள் வீட்டில் நானும் மனைவியும்தான். இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஓடுகிறது. மூன்று கிலோவாட் சோலார் போட்டால் 78,000 ரூபாய் மானியம் என்று ஒருவர் தினமும் போன் செய்கிறார். போடலாமா?

சோலார் போடுங்கள் ஐயா, மூன்று கிலோவாட் போடாதீர்கள்.

உங்கள் 380 யூனிட்டுக்கு இப்போது 1,081 ரூபாய் கட்டுகிறீர்கள். நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளைக்குச் சுமார் நாலு யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. கழித்தால் 140 யூனிட். அதில் நூறு இலவசம், மீதி 40-க்கு 94 ரூபாய். ஒரு கிலோவாட்டிலேயே உங்கள் பில் தொண்ணூறு, நூறு ரூபாயில் வந்து நின்றுவிடுகிறது. மூன்று கிலோவாட் போட்டால் 720 யூனிட் உற்பத்தியாகும். உங்கள் இரண்டு பேருக்கு அது எதற்கு?

மேலே கவுன்சிலருக்குச் சொன்ன மத்திய அரசுத் திட்டம்தான் இது; 2024 பிப்ரவரியில் வந்த அந்தத் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 தான் கூடுகிறது, பாருங்கள். போன் செய்கிறவர் மானியத் தொகையை மட்டும் சொல்வார், உங்கள் கையிலிருந்து போகும் தொகையைக் கடைசியில் சொல்வார். முதலிலேயே கேட்டுவிடுங்கள். மானியம் வேலை முடிந்து, சோதனை முடிந்த பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி மாடி வேண்டும். தஞ்சாவூர் வீட்டில் தென்னை இருக்கும். மதியம் மூன்று மணிக்கு மாடியில் போய் நின்று, மட்டை நிழல் எங்கே விழுகிறது என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் போட்ட பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். பேட்டரி இல்லாத சாதாரண சோலார் அமைப்பு, ஊரில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும் உங்கள் வீட்டில் ஃபேன் சுற்றாது. ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்படுகிறார்கள். லைனில் கரண்ட் இல்லை என்று நம்பி ஒயர்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார். அந்த நேரம் உங்கள் மாடியிலிருந்து கம்பிக்கு மின்சாரம் போனால் அவர் உயிர் போய்விடும். அதனால்தான் சோலார் தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் தானாக நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். எங்கள் பிரிவு அலுவலகத்தில் மழைக்காலத்தில் கம்பம் ஏறப் போனவர்கள் திரும்பி வந்து கையுறையைக் கழற்றி மேஜையில் போடும் வரை, நாங்கள் கணக்கீட்டுப் பெண்கள் டிபன் டப்பாவைத் திறக்க மாட்டோம்.